சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல

கார் கிளம்பாவிட்டால் நம் ஊரில் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, செல்ஃப் எடுக்கல." அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வியும் மாறாது: "சுத்துதா, சுத்தவே இல்லியா?" சுத்தவே இல்லை என்றால் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் என்று விஷயம் சுருங்கிவிடும். சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகல என்று சொன்னால் அவர் ஒரு நொடி பேசமாட்டார். "டர்போ வண்டிண்ணே" என்று கூடவே சொன்னால் இன்னொரு நொடி.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது. சுற்றுவதும் ஸ்டார்ட் ஆவதும் இரண்டு வேறு வேறு காரியங்கள் என்பது நமக்கு இன்று சாதாரணம். ஆனால் மோட்டார் வாகனத்தின் முதல் கால் நூற்றாண்டில் அவை இப்படிப் பிரிந்திருக்கவில்லை. முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவருடைய தோள்தான் அளவுமானி. பிஸ்டன் மேலேறும்போது ஹேண்டில் இறுகும். அந்த இறுக்கம் நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்றில் மட்டும் லேசாக இருக்கிறதா என்று கைக்குத் தெரியும். லேசாக இருந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. இன்றைக்கு கம்ப்ரெஷன் கேஜ் மாட்டிப் பார்ப்பதை அன்று ஓட்டுகிறவர் தினமும் காலையில் உடம்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு விலையும் இருந்தது. ஸ்பார்க்கின் நேரத்தைப் பின்தள்ளி வைக்க மறந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே எரிவாயு வெடித்து ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடையும், தாடை உடையும். கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பிடித்தால் திருப்பி அடிக்கும்போது கை நழுவிவிடும், எலும்பு பிழைக்கும்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் பிறந்ததற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், டெட்ராய்ட்டின் பெல் ஐல் தீவில் ஒரு பெண்ணின் நின்றுபோன வண்டிக்கு உதவப்போகிறார். ஹேண்டில் திருப்பி அடித்துத் தாடை உடைகிறது. அந்தக் காயத்தைத் தொடர்ந்து நிமோனியா வந்து இறக்கிறார். அவருடைய நண்பரும் கேடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லீலண்ட், இனி என் கார் யாரையும் கொல்லக்கூடாது என்று தீர்மானிக்கிறார். கதையின் பல வடிவங்கள் இது 1910ன் குளிர்காலத்தில் நடந்ததாகச் சொல்கின்றன. கார்ட்டர் இறந்தது 1908ல். மனிதர் உண்மை, மரணம் உண்மை. மற்றதெல்லாம் நிறுவனங்கள் தங்கள் கண்டுபிடிப்புகளுக்குச் சூட்டிக்கொள்ளும் புராணத்தில் எவ்வளவு சேரும் என்பதை உங்கள் கணிப்புக்கே விட்டுவிடுகிறேன்.

வேலையை முடித்தவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்தவர். இந்தக் கல்லாப்பெட்டி விஷயம் முக்கியம். என்ஜினைச் சுற்றும் அளவுக்குச் சக்தியுள்ள மோட்டார் என்ஜின் அளவுக்கே இருக்கும் என்பதுதான் அன்றைய பொறியாளர்களின் கணக்கு. நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரி. கல்லாப்பெட்டி மோட்டாரோ ஒரு நொடி மட்டும் திறந்து மூட வேண்டியது. அந்த ஒரு நொடி அதன் மீது எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அது சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். கெட்டரிங் அதே தந்திரத்தை என்ஜினில் வைத்தார். 1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது. ஃபோர்டின் மாடல் டி கார்களுக்கு 1919ல்தான் மின்சார ஸ்டார்ட்டர் கிடைத்தது. அதுவரை கோடிக்கணக்கான முறை அமெரிக்கர்கள் கையால்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கெட்டரிங் நடத்திய டேட்டன் என்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. பழைய அம்பாசடர், ஜீப் வேலை பார்த்த மெக்கானிக்குகளிடம் பேசியிருந்தால் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை அவர்கள் 'டெல்கோ' என்றுதான் சொல்வார்கள். "டெல்கோவைத் திருப்பி டைமிங் வையி." எந்தக் கம்பெனி செய்த டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தாலும் அதற்கு அதுதான் பெயர். 'செல்ஃப்' என்பதும் செல்ஃப் ஸ்டார்ட்டரின் முன்பாதிதான். கெட்டரிங்கின் இரண்டு கண்டுபிடிப்புகளும் தமிழ்ப் பட்டறைகளில் இப்படி ஒரு நூற்றாண்டாக வாழ்கின்றன, அவர் பெயர் மட்டும் இல்லாமல்.

செல்ஃப் வந்ததும் கை விடுபட்டது. கூடவே கைக்குத் தெரிந்திருந்ததும் போயிற்று. என்ஜினைச் சுற்றுவது மோட்டாரின் வேலை, எரிவது என்ஜினின் வேலை என்று ஆனபிறகுதான் 'சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகல' என்ற வாக்கியத்துக்கே அர்த்தம் வந்தது.

இனி டர்போவுக்கு வருவோம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பெட்ரோல் டர்போ கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதற்கு டர்போ காரணமாக இருப்பது அபூர்வம். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு இருநூறு, முந்நூறு சுற்றுதான் சுற்றுகிறது. டர்போ என்பது சைலன்சர் பக்கம் போகும் புகையால் சுழலும் காற்றாடி. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். புகையே இன்னும் பிறக்காத அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட ஒரு வெற்றுக் குழாய். இருந்தும் டர்போ என்ற சொல்லைக் கேட்டதுமே வண்டிக்காரர், மெக்கானிக் இரண்டு பேருக்கும் சந்தேகம் அங்கேதான் போகிறது. வீட்டில் எது காணாமல் போனாலும் புதிதாக வந்தவரைப் பார்ப்பது மாதிரி.

அது ஒன்றும் அவ்வளவு புதியவர் இல்லை. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூகி 1905லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1918ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து சான்ஃபோர்ட் மாஸ், டர்போ மாட்டிய ஒரு லிபர்டி விமான என்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோனார். 14,000 அடிக்கு மேல், காற்று மெலிந்த இடத்தில், கடல்மட்டத்தில் தரும் அளவுக்கே அந்த என்ஜின் சக்தி தந்தது. பிறகு கப்பல், விமானம், லாரி, ரயில் என்று டர்போ போகாத இடமில்லை. காருக்கு மட்டும் 1962 வரை வரவில்லை. ஏன்?

ஒரே சொல்லில் பதில் சொன்னால் 'நாக்கிங்'. நம் மெக்கானிக்குகளும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஏற்றத்தில் பழைய கார் 'டிக்டிக்டிக்' என்று சலங்கை மாதிரி ஒலிப்பது அதுதான். ஸ்பார்க்கிலிருந்து கிளம்பிய தீ சீராகப் பரவுவதற்குள், மூலையில் ஒதுங்கியிருந்த பெட்ரோல் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பது. டர்போ செய்வதெல்லாம் அழுத்தமும் சூடும் ஏற்றுவதுதான். ஆகவே நாக்கிங் அதன் பிறவி நோய்.

இங்கேயும் கெட்டரிங்தான் நிற்கிறார். அவருடைய பேட்டரி இக்னிஷனால்தான் கேடிலாக்குகளில் இந்தச் சத்தம் வருகிறது என்று போட்டியாளர்கள் பழி சொன்னார்கள். எரிச்சலான கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரைக் காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். பல வருடம் தேடிய மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கண்டுகொண்டார். பெட்ரோலில் சில துளி கலந்தால் நாக்கிங் நின்றுவிடும். 1924 அக்டோபரில், நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்களில் 5 பேர் சித்தம் கலங்கிச் செத்தார்கள். அதற்குப் பிறகும் அது விற்றது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ல்தான் முழுதாக நின்றது, உலகத்தின் கடைசி பங்க்கில் 2021ல். ஒரு சத்தத்தை நிறுத்துவதற்காக மூன்று தலைமுறைக் குழந்தைகள் ஈயத்தைச் சுவாசித்தார்கள் என்பதை, தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் இப்போது ஒரு பத்தியில் கடக்கிறேன்.

1962ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே வருடத்தில் இரண்டு டர்போ கார்களை இறக்கியது. செவ்ரொலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஒன்று. அது காற்றால் குளிரும், பின்பக்க என்ஜின் கார். இன்னொன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். எனக்கு ஜெட்ஃபயர்தான் பிடித்தமானது, தோற்றுப்போன விதத்துக்காக. 215 கன அங்குல அலுமினிய வி8 என்ஜின், 215 குதிரைத்திறன். கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று விளம்பரம் செய்ய வசதியான எண். டர்போ வைத்த என்ஜினில் கம்ப்ரெஷனைக் குறைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஓல்ட்ஸ்மொபில் குறைக்கவில்லை, 10.25க்கு 1 என்று வைத்துக்கொண்டது. அப்படியென்றால் நாக்கிங்குக்கு என்ன வழி? காரில் இன்னொரு தொட்டி வைத்தார்கள். காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் துரு தடுக்கும் மருந்தும் கலந்த திரவம். 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர். ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போ அழுத்தம் ஏறும்போது இது காற்றோடு தெளிக்கப்பட்டு உள்ளே போய்ச் சூட்டைத் தணிக்கும்.

திரவம் தீர்ந்தால்? அதையும் யோசித்திருந்தார்கள். டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஒரு வால்வு மூடிக்கொண்டு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பொறியியலாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. மனிதர்களாகப் பார்த்தால் வேறு. வாங்கியவர்கள் திரவத்தை ஊற்றவில்லை. மறந்தார்கள், அல்லது எதற்கு என்றே தெரியவில்லை. வண்டி மந்தமானது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே இருந்தவர்களுக்கும் இப்படி ஒரு ஜந்துவைப் பார்த்துப் பழக்கமில்லை. இரண்டு வருடத்தில் பத்தாயிரத்துக்கும் குறைவாகவே செய்து நிறுத்திவிட்டார்கள். பிறகு 1965ல் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. பலர் ஒத்துக்கொண்டார்கள். இன்று டர்போவோடு பிழைத்திருக்கும் ஜெட்ஃபயர் சேகரிப்பாளர்களின் பொக்கிஷம்.

ஜெட்ஃபயரை ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டால், கார் தன் நோயைத் தானே அறிந்து தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, அதை ஒரு விளக்கு மூலம் ஓட்டுநருக்குச் சொல்ல முயன்ற ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அது. சொன்னது, கேட்க ஆளில்லை.

ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ 2002 டர்போ 1973ல் வந்தது. அதே வருடம் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. போர்ஷே 911 டர்போ பணக்காரர்களுக்கானது. தினசரி அலுவலகம் போய்வருகிற, குழந்தைகளைப் பள்ளியில் விடுகிற ஒரு காருக்குள் டர்போவைக் கொண்டுவந்து உட்காரவைத்தது ஸ்வீடனின் ட்ரோல்ஹெட்டன் நகரத்துச் சாப். விமானம் கட்டுவதற்காக 1937ல் தொடங்கிய கம்பெனி; போர் முடிந்ததும் கார் செய்யத் தொடங்கியது. 1969ல் லாரி கம்பெனியான ஸ்கானியாவோடு இணைந்ததால் டர்போ டீசல் அனுபவம் பக்கத்து அறையிலேயே இருந்தது. கையில் இருந்ததோ ஒரே ஒரு 2 லிட்டர் என்ஜின். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் என்று புதிதாகச் செய்யக் காசில்லை. பேர் கில்ப்ராண்ட் என்ற பொறியாளர் அந்த நான்கு சிலிண்டருக்கே டர்போ வைத்தார். 'டர்போ பெல்லே' என்று பின்னாளில் அவருக்குச் செல்லப்பெயர்.

அவர் செய்த முக்கியமான காரியம், டர்போவைச் சிறிதாக வைத்தது. பந்தயக் காரில் டர்போ பெரிதாக இருக்கும், உச்ச வேகத்தில்தான் விழிக்கும். சாலையில் லாரியை முந்துவதற்கு அது உதவாது. சிறிய டர்போ சீக்கிரம் விழிக்கும். ஆனால் வேகம் ஏறினால் அளவுக்கு மீறி அமுக்கிவிடும். அதற்கு வேஸ்ட்கேட் என்ற கதவு, மிஞ்சிய புகையைப் பக்கவழியாக விட. 1977ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் சாப் 99 டர்போ நின்றது, 145 குதிரைத்திறனோடு.

நாக்கிங் இன்னும் தீரவில்லை. 99 டர்போ தன் கம்ப்ரெஷனைக் குறைத்து வைத்துத்தான் தப்பித்தது. 1982 மாடலில் வந்த ஏபிசி என்ற அமைப்பு வேறு வழியில் போயிற்று. என்ஜின் உடம்பில் ஒரு சிறிய உணரியைத் திருகி வைத்தார்கள். நாக்கிங்கின் அதிர்வு தெரிந்ததும் அது சொல்லும், ஒரு வால்வு டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும், சத்தம் நின்றதும் மறுபடி ஏற்றும். மெக்கானிக்கின் காது என்ஜினோடு திருகப்பட்டுவிட்டது. எண்பதுகளின் கடைசியில் வந்த டைரக்ட் இக்னிஷனில் டெல்கோவே போயிற்று. நான்கு ப்ளக்குக்கும் மேலே நேராக உட்காரும் நீளமான ஒரே பெட்டி. சாப்காரர்கள் அதைக் கேசட் என்பார்கள். அதற்குள் 400 வோல்ட் மின்தேக்கிகள், ப்ளக் முனையில் 40,000 வோல்ட் வரை.

1993ல் வந்த ட்ரையோனிக்தான் இந்தக் கதையின் உச்சம் என்பது என் கணிப்பு. ஸ்பார்க், பெட்ரோல், டர்போ அழுத்தம் மூன்றையும் ஒரே கணினி பார்த்துக்கொண்டது. அதற்குக் கண் எது தெரியுமா? ஸ்பார்க் ப்ளக்கேதான். ஸ்பார்க் அடித்து முடித்த கையோடு, அதே ப்ளக்கின் இடைவெளிக்குக் குறுக்கே 80 வோல்ட் அளவுக்கு ஒரு சிறிய மின்னழுத்தம் கொடுக்கப்படும். உள்ளே தீ பிடித்திருந்தால் வாயு அயனியாகி மின்சாரத்தைக் கடத்தும். பிடிக்காவிட்டால் கடத்தாது. நாக்கிங் இருந்தால் அந்த மின்னோட்டம் நடுங்கும். தீயை மூட்டிய விரலே தீயைத் தொட்டும் பார்க்கிறது.

ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இது செய்வது இன்னும் அழகானது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒன்றும் நான்கும் சேர்ந்தே மேலே வரும். ஒன்று எரியத் தயாராக இருக்கும், மற்றது புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எது எது என்று தெரிய மற்ற கம்பெனிகள் கேம் ஷாஃப்டில் ஒரு சென்சார் வைத்தன. ட்ரையோனிக் வைக்கவில்லை. முதலில் இரண்டிலும் ஸ்பார்க் அடிக்கும். எதில் தீப்பிடித்தது என்று ப்ளக்கிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

இப்போது அப்படியொரு வண்டி நடுவழியில் நிற்கிறது என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் இரண்டு மணிநேரம் ஓடி வந்து, பெட்ரோல் போட்டு, பத்து நிமிஷம் காபி குடித்துவிட்டுச் சாவி திருப்பினால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.

முதலில் காதைக் கொடுக்க வேண்டும். நல்ல என்ஜின் செல்ஃபில் சுற்றும்போது மூச்சு முட்டி முட்டி, 'குவ்-குவ்-குவ்' என்று தாளத்தில் சுற்றும். அந்த முட்டல்தான் கம்ப்ரெஷன். தாளமே இல்லாமல் 'விர்ர்ர்' என்று வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் டைமிங் செயின் அல்லது பெல்ட் போயிருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும். ஹேண்டில் காலத்துத் தோள் அறிந்ததில் மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான்.

தாளம் சரியாக இருக்கிறது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகி அடங்க வேண்டும். முனகவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப். முனகினால் அடுத்து ப்ளக். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை, அல்லது மூழ்கிவிட்டது. மூழ்கியிருந்தால் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு சுற்றினால் பல கார்களில் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். ப்ளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ப்ளக்கைக் கழற்றி என்ஜின் உடம்பில் சாய்த்துவைத்து, செல்ஃப் அடித்து, ஸ்பார்க் பார்ப்பது பழைய பழக்கம். பாயின்ட் இருந்த காலத்தில் அது சரி. கேசட் மாதிரியான அமைப்பில் அந்தப் பழக்கம் கேசட்டையும் சுடும், ஆளையும் சுடும்.

இதுவரைக்கும் ஒன்றா மற்றதா என்ற கேள்வி. பெட்ரோலும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை என்று தெரிந்தால்தான் சுவாரஸ்யம். இரண்டு வேறு அமைப்புகள் ஒரே நேரத்தில் பழுதாவது நடக்கக்கூடியது, ஆனால் அரிது. இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலத்தைத் தேட வேண்டும். கணினிக்கு மின்சாரம் வருகிறதா, இம்மொபிலைசர் சாவியை ஒத்துக்கொண்டதா என்று பார்த்தபிறகு மிஞ்சுவது பெரும்பாலும் க்ராங்க் சென்சார்.

என்ஜினின் பிரதான தண்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் பக்கத்தில், சுண்டுவிரல் அளவில் உட்கார்ந்திருக்கும் பொருள் அது. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு, 2 மட்டும் வேண்டுமென்றே இருக்காது. பல் ஒன்றுக்கு 6 டிகிரி. பல்லில்லாத இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். அந்தத் துடிப்பு வராவிட்டால் கணினியைப் பொறுத்தவரை என்ஜின் சுற்றவே இல்லை. ஸ்பார்க் கிடையாது. விபத்து நடந்து என்ஜின் நின்ற வண்டியில் பம்ப் மட்டும் பெட்ரோலை இறைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் பம்பையும் நிறுத்திவிடும். செல்ஃப் மோட்டார் அலறிக்கொண்டிருக்கும், நீங்கள் காதால் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், கணினி மட்டும் வண்டி நின்றுகொண்டிருப்பதாக நம்பும்.

ஏன் சூட்டில் மட்டும்? சென்சாருக்குள் முடியளவு மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். பல வருடச் சூட்டில் எங்காவது ஒரு விரிசல் விட்டிருக்கும். சூடாகி விரிந்தால் தொடர்பு அறும், ஆறிச் சுருங்கினால் ஒட்டும். குற்றத்தில் டர்போவுக்குப் பங்கு உண்டென்றால் இங்கேதான், மறைமுகமாக. பெட்ரோல் டர்போவின் புகைப் பக்கம் 900 டிகிரியைத் தாண்டக்கூடியது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றும் ஓடுகிற கூலண்டும் எண்ணெயும் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். நிறுத்தியதும் எல்லாம் நிற்க, அந்த இரும்புக் கொள்ளியின் சூடு பானட்டுக்குள் பரவும். வண்டி நின்ற பத்து நிமிஷத்தில் என்ஜின் அறை ஓடும்போது இருந்ததைவிடச் சூடாக இருக்கும். லாரி ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டியதும் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகாமல் இருக்க அவர்கள் செய்வது அது.

சாப் 9-3, 9-5 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சென்சாரும் அந்தக் கேசட்டும் மிகவும் பரிச்சயம். பலர் காரின் டிக்கியில் இரண்டையும் உபரியாகப் போட்டுக்கொண்டு போவார்கள். நாற்பது நிமிஷம் ஆறவிட்டால் கார் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பழுது இருக்காது. வைத்தியர் வீட்டு வாசலில் காய்ச்சல் நின்றுபோகிற மாதிரி.

அதற்குத்தானே ஸ்கேனர் என்பீர்கள். கலிபோர்னியா மாநிலம், கார்கள் தங்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பழுதுகளைத் தாங்களே கண்டறிய வேண்டும் என்று 1988 மாடலிலிருந்து விதித்தது. 1996ல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 வந்தது. எல்லாக் காருக்கும் ஒரே 16 முனைப் பொருத்தி, ஒரே எண் வரிசை. க்ராங்க் சென்சார் என்றால் பி0335. லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்துக்காக எழுதிய சட்டம், உலகத்து மெக்கானிக்குகளுக்கெல்லாம் ஒரு பொது மொழியைக் கொடுத்தது. ஆனால் அந்த மொழியைத் தப்பாக வாசிப்பவர்கள் அதிகம். பி0335 சொல்வது 'அந்தச் சுற்றில் கோளாறு' என்று மட்டும்தான். சென்சாரா, ஒயரா, கனெக்டரில் பச்சை பிடித்திருக்கிறதா என்று அது சொல்லாது. சில நேரம் கோடே பதிவாகாது. என்ஜின் சுற்றுவதாகவே தெரியாத கணினி எதைக் குறை சொல்லும்? அப்போது டாக்கோமீட்டர் முள்தான் சாட்சி. செல்ஃப் அடிக்கும்போது அந்த முள் லேசாகக் கூட எழும்பவில்லை என்றால் பல கார்களில் துடிப்பு வரவில்லை என்று அர்த்தம்.

பொது மொழி வந்தபிறகும் கம்பெனிகள் தங்கள் ரகசிய மொழியை வைத்துக்கொண்டன. ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனபிறகு சாப் கார்களில் சில கணினிகளை மாற்றினால், டெக்-2 என்ற கருவியால் அவற்றைக் காரோடு இணைத்துப் பதிவுசெய்ய வேண்டும். 'கல்யாணம் செய்துவைப்பது' என்றே அதற்குப் பேர். புரோகிதர் கம்பெனியின் ஆளாக இருக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்து வாக்காளர்கள் 2012 நவம்பரில், கார்க் கம்பெனிகள் தங்கள் பட்டறைக்குத் தரும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் விற்றாக வேண்டும் என்ற சட்டத்துக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள். வாக்களித்தவர்களில் பலருக்கு அயனி மின்னோட்டம் தெரியாது. தன் காசில் வாங்கிய வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்த கேள்வி.

சாப் அதற்கு முந்தைய வருடமே, 2011 டிசம்பர் 19 அன்று திவால் மனு கொடுத்துவிட்டது. லட்சக்கணக்கான கார்கள் சாலையில் இருந்தன. செய்தவன் இல்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே சில ஆர்வலர்கள் ட்ரையோனிக்கின் நிரலைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்த நினைவிடத்தில் என்ன எண் இருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள், மென்பொருள் எழுதினார்கள், அதை இலவசமாக வெளியிட்டார்கள். ஒரு மடிக்கணினியும் ஒயரும் இருந்தால் போதும், டர்போ பெல்லேயின் வாரிசுகள் எழுதிய கணினி என்ன நினைக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம். திரையில் வரும் எண்களில் ஒன்று என்ஜின் வேகம். செல்ஃப் அடித்துக்கொண்டே அந்த எண்ணைப் பாருங்கள். 200 என்று காட்டினால் கேசட்டையும் பெட்ரோலையும் தேடுங்கள். பூஜ்யத்திலேயே நின்றால், ஜாக்கி போட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான். ஆனால் முதலில் என்ஜின் ஆறட்டும், கை பொசுங்கிவிடும்.